சிவப்பு இஞ்சிப்பூ: ரெண்டு வருஷமா தண்டு மட்டும்தான், பூ வரலை

மேடவாக்கம் மாடி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப மேடை முழுக்கச் சிவப்பு இஞ்சிப்பூ வெச்சு அலங்காரம் பண்ணியிருந்தாங்க. முழ நீளத்துக்குத் தடிச்ச கதிர், அடுக்கடுக்கா சிவப்பு. அன்னைலேர்ந்து அது நம்ம வீட்லயும் பூக்கணும்னு ஆசை. ஈசிஆர் பக்கம் ஒரு நர்சரில 'ரெட் ஜிஞ்சர்'னு கேட்டு வாங்கினேன். மொட்டை மாடில பெரிய சிமெண்ட் தொட்டில இருக்கு. ரெண்டு வருஷம் ஆச்சு. தண்டு நெஞ்சு உயரம் வருது, பக்கத்துலயே புதுக்குருத்தும் விடுது, பூ மட்டும் இல்லை.

இலை பத்திச் சொல்லணும். முத்தின இலைல முதல்ல நுனி கருகுது, அப்புறம் ஓரம் முழுக்கப் பழுப்பாகுது. ஏப்ரல், மே மாசம் ரொம்ப மோசம். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூணும் சமமா கலந்திருக்கேன். போர்வெல் தண்ணி, டிடிஎஸ் (தண்ணில கரைஞ்ச உப்போட அளவு) மீட்டர்ல 1100 காட்டும். ஆர்.ஓ. மெஷின்ல இருந்து வெளியேறுற தண்ணியையும் வீணாக்காம இதுக்கே ஊத்துறோம். தோட்ட வேலைக்கு வர்றவர் தண்டு நீண்டு சாஞ்சா அடியோட வெட்டிடுவார். வெட்டினா பக்கத்துல நிறைய வரும்னு சொல்றார், வரவும் செய்யுது.

உரம் பத்தலையா? இல்ல சென்னைல இது பூக்கவே பூக்காதா? இஞ்சிக் குடும்பத்துல இன்னொரு பூச்செடியான டார்ச் ஜிஞ்சரும் வாங்கலாமான்னு யோசிக்கிறேன். அம்மா வேற, இஞ்சிப் புதர்ல பாம்பு வந்து சேரும்னு பயப்படுறாங்க.

திருவான்மியூர் தொட்டி பதில்:

சகோ, முதல்ல அது சிவப்பு இஞ்சிதானான்னு பாருங்க. நர்சரில கோஸ்டஸையும் ஜிஞ்சர்னுதான் விக்கிறாங்க. இலை தண்டைச் சுத்தி மாடிப்படி மாதிரி ஏறினா அது கோஸ்டஸ், நம்ம வீடுகள்ல இன்சுலின் செடின்னு வெச்சிருக்கோமே அந்த வகை. இலை தண்டோட ரெண்டு பக்கமும் மாறி மாறி ஒரே தளத்துல வந்தா இஞ்சிக் குடும்பம். இலையைக் கசக்கினா லேசா இஞ்சி வாசனையும் வரும்.

மேடவாக்கம் மாடி:

ரெண்டு பக்கமும்தான் வருது. வாசனையும் இருக்கு.

குலசேகரம் விளை பதில்:

தம்பி, முதலில் அந்த வெட்டுக்கத்தியை நிறுத்தச் சொல்லுங்கள். உங்களுக்குப் பூ வராததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

நான் குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ரப்பர் மரங்களுக்கு இடையில் இந்தச் செடிகளை வைத்திருக்கிறேன். சிவப்பும் இளஞ்சிவப்புமாக. நாகர்கோவில், மார்த்தாண்டம் அலங்காரக்காரர்கள் கல்யாண நாட்களில் வந்து வெட்டிக்கொண்டு போவார்கள். நீங்கள் மேடையில் பார்த்த கதிர்களும் இந்தப் பக்கத்து விளைகளில் (தோட்டங்களில்) விளைந்தவையாகத்தான் இருக்கும்.

சிவப்பு இஞ்சியில் ஒவ்வொரு தண்டும் ஒரே ஒரு தடவைதான் பூக்கும், அதுவும் தண்டின் உச்சியில். மண்ணிலிருந்து குருத்து எழும்பி, முழு உயரம் வளர்ந்து, கடைசி இலையும் விரிந்த பிறகுதான் கதிர் வெளியே வரும். என் விளையில் நல்ல ஈரம் இருந்தே இதற்கு எட்டு மாதம், பத்து மாதம் ஆகிறது. உங்கள் மாடியில் அதைவிட அதிகம் ஆகும். தண்டு நீண்டு லேசாகச் சாயும் சமயம் என்பது கதிர் உள்ளே உருவாகும் சமயம். அப்போது அடியோடு வெட்டினால் செடி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பக்கக் குருத்து நிறைய வருவது உண்மை. அந்தக் குருத்துகளும் பூக்கும் வயதுக்கு வரும்போது வெட்டுப்படுகின்றன. சாய்ந்தால் ஒரு கம்பு நட்டுக் கட்டுங்கள். பூத்து முடிந்த தண்டைத் தாராளமாகத் தரையோடு வெட்டலாம், அது இனிப் பூக்காது. அதை எடுத்துவிட்டால் புதுக்குருத்துக்கு வெளிச்சம் கிடைக்கும்.

இஞ்சிக் குடும்பத்தில் எந்தச் செடி வைத்தாலும் பூ எங்கிருந்து வரும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கத்தியைத் தொட வேண்டும் என்பேன். சிவப்பு இஞ்சி, ஷெல் ஜிஞ்சர், சிற்றரத்தை, வாசனை உள்ள வெள்ளை இஞ்சிப்பூ எல்லாம் இலைத்தண்டின் உச்சியில் பூப்பவை. டார்ச் ஜிஞ்சரும் தேன்கூட்டு இஞ்சியும் அப்படி இல்லை. இலைத்தண்டு ஒரு பக்கம் நிற்கும், பூத்தண்டு இலையில்லாமல் மண்ணிலிருந்து தனியாகக் கிளம்பும். அங்கே அடியில் மண்ணைக் கொத்தாமல் இருப்பதுதான் முக்கியம், மொட்டு நுனி மண்ணுக்குள்ளேயே உடைந்துவிடும்.

இனி இலை. நீங்கள் எழுதியதை வைத்தே சொல்கிறேன், அது உப்பு. வெயில் சுட்டால் இலையின் நடுவில், வெயில் நேராக விழும் இடத்தில் வெளுத்துத் திட்டாகும். இரும்புச் சத்து கிடைக்காவிட்டால் புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். முத்திய இலையின் நுனியில் தொடங்கி ஓரம் வழியாகக் கருகிக்கொண்டே போவது உப்பின் அடையாளம். 1100 டிடிஎஸ் தண்ணீரே இந்தச் செடிக்கு அதிகம். ஆர்.ஓ. மெஷின் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கைச் சுத்தமாக்கி உங்களுக்குத் தருகிறது, அதிலிருந்து பிரித்த உப்பு முழுவதும் மிச்சத் தண்ணீரோடு வெளியே போகிறது. அந்த மிச்சத்தைத்தான் செடி குடிக்கிறது. தொட்டி வேறு, வெயிலில் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மண்ணில் தங்கும். தண்ணீரை வீணாக்காமல் இருக்க நினைப்பது நல்லது, அந்தத் தண்ணீரால் வாசல் கழுவுங்கள், கழிப்பறைக்கு ஊற்றுங்கள். இஞ்சிக்கு வேண்டாம்.

மாற்று உங்கள் வீட்டிலேயே இருக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது. கத்திரி வெயிலில் செடிக்கு எப்போது தவிப்போ அப்போதுதான் ஏசியும் அதிகம் ஓடும். ஒரு வாளியில் பிடித்து வையுங்கள். மழைக்காலத்தில் தொட்டியின் அடித்துளை அடைபடாமல் பார்த்து, மழைத் தண்ணீரை நிறைய இறங்கி ஓட விடுங்கள், தங்கிய உப்பு கரைந்து போகும்.

பூக்கவே பூக்காதா என்று கேட்டீர்கள். பூக்கும். ஆனால் மாடியில் சிரமம். இந்தச் செடியின் சொந்த ஊர் இந்தோனேசியாவின் மலுக்கு தீவுகளிலிருந்து வனுவாட்டு, நியூ கலிடோனியா வரை நீளும் தீவுக்கூட்டம். சமோவாவில் இதுதான் தேசியப் பூ, தெயுயிலா என்பார்கள், அந்தப் பெயரிலேயே ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். கடல் ஈரம் சுமந்த காற்றில், பெரிய மரத்தின் அடியில் வளர்ந்த செடி. சென்னையில் மே மாதம் கடற்காற்று வரத் தாமதமானால் மேற்கிலிருந்து அனல் காற்று அடிக்குமே, அந்தக் காய்ந்த காற்றுதான் இதை வாட்டும். காலை வெயில் எவ்வளவு பட்டாலும் தாங்கும். மதியத்துக்கு மேல் நிழல் வேண்டும், அடியில் ஈரம் வேண்டும், காற்றுக்கு மறைப்பு வேண்டும். மொட்டை மாடித் தரையின் சூடு தொட்டி வழியாக வேரைத் தொடுவதும் கூடாது. வேர் ஆழம் போகாது, கிழங்கு பக்கவாட்டில்தான் நகரும். அதனால் ஆழமான தொட்டியைவிட அகலமானது நல்லது. தரையில் இடம் இருந்தால் தரைதான் எல்லாவற்றிலும் நல்லது.

உரத்துக்கு நல்ல பசி உள்ள செடி. மக்கிய சாணம், கடலைப் பிண்ணாக்கு போதும். உப்புத் தண்ணீர் நிற்கும்வரை உரம் கூட்டாதீர்கள், ரசாயன உரமும் உப்புதான்.

பூ வந்ததும் இன்னொன்று கவனியுங்கள். சிவப்பாகத் தெரிவது பூவே அல்ல, பூவைத் தாங்கும் மடல். ஒவ்வொரு மடலுக்குள்ளிருந்தும் சின்னதாக வெள்ளைப் பூ எட்டிப் பார்க்கும். பூ சீக்கிரம் உதிர்ந்துவிடும், மடல் வாரக்கணக்கில் நிற்கும். ஜாடியில் வைக்க வேண்டுமானால் அதிகாலையில், முக்கால்வாசி மடல் விரிந்த பிறகு வெட்டுங்கள். வெட்டிய பிறகு மேல்மொட்டு விரியாது. கதிரை முழுசாகத் தண்ணீரில் முக்கி எடுத்தால் மடலுக்குள் இருக்கும் எறும்பும் போகும், பூவும் தண்ணீர் குடித்து நிமிரும். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், குளிரில் மடல் கறுத்துவிடும்.

அம்மா பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. இஞ்சி வாசனைக்குப் பாம்பு வராது. அடர்ந்த புதரின் அடியில் காய்ந்த சருகு குவிந்து, ஈரத்துக்குத் தவளையும் இருட்டுக்கு எலியும் வந்தால் அதைத் தேடிப் பாம்பு வரும். எங்கள் விளையில் வந்திருக்கிறது. பழைய தண்டுகளை அவ்வப்போது எடுத்து, புதரின் நடுவில் வெளிச்சம் விழும்படி வைத்திருங்கள். கதவை ஒட்டி நட வேண்டாம்.

உங்கள் ஊருக்குக் கட்டாயம் வைக்க வேண்டிய ஒரு செடி சொல்லட்டுமா? சிற்றரத்தை. இருமலுக்கு நாட்டு மருந்துக் கடையில் கிழங்கு வாங்கி வந்துவிட்டு அதோடு மறந்துவிடுகிறோம். அதன் பூவைப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளைப் பூ, நடுமடலில் சிவப்புக் கோடுகள், மஞ்சள் ஓரம். ஒடுங்கிய இலை, இடுப்பு உயரப் புதர், சிவப்பு இஞ்சி தாங்காத வறட்சியைத் தாங்கும். அலங்காரச் செடி என்றால் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்ற எண்ணத்தால் இதை யாரும் தோட்டத்தின் முன்பக்கம் வைப்பதில்லை. எனக்கு அது மனவருத்தம்தான். வாசனை வேண்டுமென்றால் வெள்ளை இஞ்சிப்பூ, மலையாளத்தில் கல்யாண சௌகந்திகம் என்பார்கள். சாயங்காலம் விரிந்தால் முற்றம் முழுக்க மணக்கும்.

பாலிக் பூலாவ் மாமா பதில்:

வணக்கம். பினாங்கிலிருந்து எழுதுகிறேன். டார்ச் ஜிஞ்சர் பற்றிக் கேட்டதால் வந்தேன். மலாயில் அதற்கு 'புங்கா கந்தான்' என்று பெயர். வீட்டுக்குப் பின்னால் ஒரு புதர் இருக்கிறது, இலைத்தண்டு 15 அடியைத் தாண்டிவிட்டது. கூரை விளிம்பை இலை உரசுகிறது. தொட்டியில் வைக்க நினைக்க வேண்டாம் தம்பி.

இங்கே அதை அழகுக்கு வைப்பவர்களைவிடச் சமையலுக்கு வைப்பவர்கள்தான் அதிகம். விரிந்த பூவை அல்ல, கூம்பாக மூடியிருக்கும் மொட்டை ஒடிப்போம். மெல்லியதாக அரிந்து, அசாம் லக்சா என்ற புளிப்பு நூடுல்ஸ் மேல் தூவினால்தான் அந்த லக்சாவுக்கு உயிர். புளிக் குழம்பு, அரைத்த மீன், அன்னாசி, வெள்ளரி, புதினா எல்லாம் இருந்து இது இல்லையென்றால் சாப்பிடுகிறவர் முதல் வாயிலேயே சொல்லிவிடுவார். என் மனைவி நம் வீட்டு மீன் குழம்பிலும் இறக்கும் நேரத்தில் ஒரு மொட்டைப் பிளந்து போடுவார்.

இங்கே மழை இல்லாத மாதம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அதனால்தான் இப்படி வளர்கிறது. சிங்கப்பூர் வந்தால் தாவரவியல் பூங்காவில் இஞ்சித் தோட்டம் என்றே ஒரு பகுதி இருக்கிறது, அங்கே நின்று பாருங்கள். இந்தக் குடும்பத்தில் எத்தனை வகை என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். என்னைக் கேட்டால் தேன்கூட்டு இஞ்சிதான் எல்லாவற்றிலும் அழகு. மஞ்சளாகத் தொடங்கி நாளாக நாளாகச் சிவப்பேறும், ஒவ்வொரு மடலும் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்.

கோத்தகிரி கொல்லை பதில்:

குலசேகரம் அக்கா சொன்ன வெள்ளை இஞ்சிப்பூ பற்றி மலைப்பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையில் அது அடங்கி நிற்கும். எங்கள் குளிரிலும் ஈரத்திலும் அப்படி இல்லை. ஓடைக்கரையில் ஒரு கிழங்கு துண்டு விழுந்தால் போதும், கரை முழுவதும் அதுவே ஆகிவிடும், வேறு எதுவும் முளைக்க இடமிருக்காது. தோட்டத்தைச் சுத்தம் செய்து கிழங்கை ஓடையில் எறிபவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து காஹிலி இஞ்சி. மஞ்சள் பூ, நீண்ட சிவப்பு மகரந்தத் தண்டு. பார்க்க அவ்வளவு அழகு. இமயமலை அடிவாரத்துச் செடி. அழகுக்காகக் கொண்டுபோன இடங்களில் எல்லாம் காட்டை விழுங்கியிருக்கிறது. ஹவாயில் எரிமலைத் தேசியப் பூங்காவுக்குள் அதைப் பிடுங்கிப் பிடுங்கிக் களைக்கிறார்கள். போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளில், சாவோ மிகேல் என்ற ஒரே தீவில் மட்டும் வாழும் பிரியோலோ குருவியின் காட்டை ஆக்கிரமித்த செடிகளில் இதுவும் ஒன்று. நியூசிலாந்தில் விற்கவே தடை. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலிலும் இருக்கிறது. சிவப்பு விதையைப் பறவை தின்று கொண்டுபோய்ப் போடும், அதனால் வேலிக்குள் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது. ஊட்டி, கொடைக்கானல், வால்பாறைக்காரர்கள் யாரும் இணையத்தில் படம் பார்த்து இதை வாங்காதீர்கள். சோலைக்காடு மிச்சம் இருப்பதே கொஞ்சம்.

மேடவாக்கம் மாடி:

இவ்வளவு பேர் இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு நினைக்கலை. நன்றிக்கா, நன்றி மாமா. டார்ச் ஜிஞ்சர் ஆசையை விட்டாச்சு. தோட்டக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன்.

வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் காம்பவுண்டு சுவருக்கும் வீட்டுக்கும் நடுவுல நாலடி அகலத்துக்கு மண் தரை இருக்கு. காலைல பத்து, பத்தரை வரைக்கும் வெயில் வரும், அப்புறம் நிழல். ரெண்டு ஏசி தண்ணியும் அங்கதான் சொட்டுது. ஒரே பிரச்சினை, பள்ளிக்கரணை பக்கம்ங்கிறதால நவம்பர்ல அங்க கணுக்கால் அளவு தண்ணி நின்னுடும். அங்க மாத்தலாமா? எப்ப மாத்தணும்? திருவான்மியூர் சகோகிட்ட சயாம் டூலிப் இருக்குன்னு வேற ஒரு பதிவுல பார்த்தேன், அதையும் அங்கயே வைக்கலாமா?

திருவான்மியூர் தொட்டி:

சயாம் டூலிப்பைத் தரைல வைக்காதீங்க. அது மஞ்சள் கிழங்கோட இனம், தாய்லாந்துல மழை மே மாசம் தொடங்கி அக்டோபர்ல முடியும், அந்தக் கணக்குல வளர்ந்து பூத்து, மழை முடிஞ்சதும் இலை காய்ஞ்சு கிழங்கு தூங்கப் போயிடும். நம்ம ஊர்ல அது தூங்கப் போற நேரத்துலதான் மழை கொட்டும், கிழங்கு அழுகிடும். நான் தொட்டிலயே வெச்சு, இலை மஞ்சளானதும் தண்ணியை நிறுத்தி, தொட்டியோட மாடிப்படிக்குக் கீழ தள்ளிடுவேன். ஏப்ரல் கடைசில வெளிய எடுத்துத் தண்ணி காட்டினா முளைக்கும்.

குலசேகரம் விளை:

சயாம் டூலிப் விஷயத்தில் அவர் சொன்னது சரி, தொட்டிதான்.

சிவப்பு இஞ்சிக்கு நீங்கள் சொன்ன கிழக்கு இடம் அருமை. பள்ளத்தை மட்டும் சரி செய்யுங்கள். செங்கல் அடுக்கி ஒன்றரை அடி உயரத்துக்கு மேடை மாதிரிக் கட்டி, செம்மண்ணும் மக்கிய சாணமும் கொஞ்சம் ஆற்று மணலும் கலந்து நிரப்புங்கள். சுற்றிலும் தண்ணீர் நின்றாலும் கிழங்கு அதற்கு மேலே இருக்கும். ஈரம் பிடிக்கும் செடிதான், ஆனால் தேங்கிய தண்ணீரில் நாலைந்து நாள் நின்றால் கிழங்கு அழுகி, தண்டைப் பிடித்து இழுத்தால் கையோடு வரும்.

மே மாதத்தில் தொடாதீர்கள். ஆடியில் உங்கள் ஊரில் சாயங்கால இடிமழை பெய்யத் தொடங்குமே, அப்போது மாற்றினால் ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். தொட்டியிலிருந்து கிழங்கை முழுசாக எடுத்து உப்புப் படிந்த பழைய மண்ணை உதறிவிடுங்கள். கூர்மையான கத்தியால் இரண்டாகவோ மூன்றாகவோ பிரிக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் மூன்று தண்டாவது இருக்க வேண்டும், அதில் ஒன்று இளங்குருத்தாக இருந்தால் நல்லது. இரண்டு அங்குல ஆழம் போதும், அதற்கு மேல் புதைக்காதீர்கள். நட்ட பிறகு இலை துவண்டால் தண்டை வெட்டாமல் இலைகளை மட்டும் பாதியாகக் கத்தரித்து விடுங்கள். தண்டு நின்றால்தான் அடுத்த வருஷம் அதன் உச்சியில் பூ.

ஏசி குழாய் நேராகக் கிழங்கின் மேல் சொட்ட வேண்டாம், ஒரே இடம் எப்போதும் நனைந்திருந்தால் அழுகும். வாளியில் பிடித்துப் பரவலாக ஊற்றுங்கள். மூடாக்குக்குச் சருகு போடலாம். தேங்காய்க் கதம்பை (உரித்த மட்டை) கிடைத்தால் முதலில் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி அடுக்குங்கள், அதிலும் உப்பு உண்டு.

இளஞ்சிவப்பு வகை என்னிடம் நிறைய இருக்கிறது. பழைய கதிரைச் செடியிலேயே விட்டால் மடல்களுக்கு இடையில் குட்டிச் செடிகள் வேரோடு முளைக்கும், அதைக் கிள்ளி நட்டாலே போதும். ஆடி பிறந்ததும் நாலைந்து எடுத்து ஈரக் காகிதத்தில் சுற்றிப் பார்சலில் அனுப்புகிறேன். முகவரியைத் தனிச்செய்தியில் போடுங்கள். கைக்கு வந்த அன்றே சின்னத் தொட்டியில் நட்டு, ஒரு சாண் வளர்ந்த பிறகு மேடைக்கு மாற்றுங்கள். சிற்றரத்தைக் கிழங்கும் ஒன்று வைக்கிறேன், அதை மேடையின் வெயில் படும் ஓரத்தில் நடுங்கள்.